எழிலா, பைத்தனா? – ஒரு மலையகக் கணக்கு

கடந்த தைப்பொங்கலுக்கு ஹட்டன் பக்கம் போயிருந்தேன். பொங்கிய பானையின் சூடு ஆறுவதற்குள் என் தங்கையின் மகள் அருகில் வந்து அமர்ந்தாள். க.பொ.த. உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவள்.

“மாமா, இந்தப் பாடத்த விட்டுட்டு வேற பாடம் எடுக்கலாம்னு இருக்கேன்” என்றாள்.

காரணம் கேட்டேன். பாடநூலின் விளக்கங்களெல்லாம் தமிழில் இருப்பதால் புரிகின்றன. செய்நிரல் எழுதும் பகுதி வந்தவுடன் எல்லாம் இருண்டு விடுகிறது. அங்கே கற்பிக்கப்படுவது பைத்தன். அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். “இஃப், எல்ஸ், வைல்னு மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்றேன். ஏன் அந்த எடத்துல அது வருதுன்னு தெரியல.” பிறகு மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னாள். “தமிழ்லயே எழுதுற மொழி ஒன்னு இருக்காமே, எழில்னு. அதப் படிச்சா ஆகாதா?”

நான் கலைப் பட்டதாரி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் செய்தி எழுதியவன். கணினி எனக்குத் தட்டச்சுப் பொறியின் தம்பி, அவ்வளவுதான். ஆயினும் அவள் கேட்ட கேள்வி எனக்குப் புதிதன்று. எந்த மொழியில் கட்டளை, எந்த மொழியில் கணக்கு என்பது மலையகத்தில் கணினிக்கு வெகு காலம் முற்பட்ட வழக்கு.

துரை கற்ற தமிழ்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைகள் முழுவதும் தேயிலையாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த துரைமாருக்குத் தமிழ் தெரியாது. எனவே துரைமார் தமிழ் கற்றார்கள். அவர்களுக்கென்றே கைந்நூல்கள் அச்சாகின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெர்கசன் வெளியிட்ட, சின்னத்துரைமாருக்கான கையடக்கத் தமிழ் வழிகாட்டியின் தலைப்பே “இங்கே வா” என்பதுதான். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலின் பெயர் “கூலித் தமிழ்”.

அந்தத் தலைப்பை எண்ணிப் பாருங்கள். அது ஏவல். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் கண்ட மொழி, பெரட்டுக் களத்தில் ‘வா, போ, எடு, நிறுத்து’ என்ற அளவுக்குச் சுருங்கிற்று. கட்டளை தமிழில் வந்தது. கட்டளைக்குப் பின்னால் இருந்த கணக்கோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

தொழிலாளியின் கடனைக் குறித்து வைத்த ‘துண்டு’ என்ற சீட்டின் கதையும் இதுவே. பெயர் தமிழ். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்பியவனின் வாழ்க்கை அதில் அடங்கியிருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த கணக்கை அவனால் வாசிக்க முடியாது. 1921இல் சட்டம் இயற்றித்தான் அந்த முறையை ஒழிக்க வேண்டியிருந்தது.

இது ஏடுகளில் மட்டும் படித்த வரலாறன்று. என் தாயார் கொழுந்து பறித்தவர். எங்கள் ஊரில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்போம். நிர்ணயித்த எடை பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஒரு மாதம் அம்மாவின் கணக்கில் இரண்டு நாட்கள் அரைப் பேராக விழுந்திருந்தன. அவர் அப்படியில்லை என்றார். ஒன்பதாம் வகுப்பு மாணவனான நான் தோட்டத்து அலுவலகத்திற்குப் போய்க் கேட்டேன். கிளாக்கர் ஐயா செக்ரோலைத் திருப்பி என் முன்னால் வைத்தார். ஆங்கிலக் குறிப்புகளும் சுருக்கெழுத்துகளும் நிறைந்த பக்கம். இலக்கங்களை வாசித்தேன். அவை ஏன் அப்படி விழுந்தன என்பதை வாசிக்க முடியவில்லை. வாய் திறவாமல் திரும்பி வந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாத் தோட்டத்திலும் இப்படியொரு பையன் திரும்பி வந்திருப்பான்.

கணினிக்கு ஆங்கிலம் கட்டாயமா?

கணினிக்கு ஆங்கிலந்தான் புரியும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கணினிக்கு எந்த மனித மொழியும் புரியாது. அதற்குத் தெரிந்தவை பூச்சியமும் ஒன்றுமே. இடையில் ஒரு மொழிபெயர்ப்பி இருந்து நாம் எழுதுவதை அதற்குரியதாக்குகிறது.

1950களின் நடுவில் அமெரிக்காவின் கிரேஸ் ஹொப்பர் என்ற அம்மையார், ஆங்கிலச் சொற்களால் கணினிக்குக் கட்டளையிடலாம் என்று காட்ட முனைந்தார். அதே செய்நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் எழுதிக் காட்டினார். சொற்களை மாற்றுவது அவருக்கு அற்ப வேலை. ஆனால் மேலதிகாரிகள் திடுக்கிட்டார்கள். அமெரிக்காவில் செய்த இயந்திரம் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுவதாவது! அவர் ஆங்கிலத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. ஆக, ஆங்கிலம் இங்கே அரியணை ஏறியது பொறியின் தேவையால் அன்று. பொறியை வைத்திருந்தவர்களின் வழக்கத்தால்.

எழில்

அமெரிக்காவில் வாழும் மின்பொறியியலாளர் முத்தையா அண்ணாமலை 2007 அளவில் தொடங்கிய முயற்சியே எழில். 2009இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் எழுத்தாளர் என். சொக்கனுடன் சேர்ந்து “தமிழில் நிரல் எழுது” என்ற நூலையும் எழுதினார். எழிலில் ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும். ‘நிறுத்து’, ‘தொடர்’, ‘முடி’ எல்லாம் கட்டளைச் சொற்கள்.

என்னை ஈர்த்தது சொற்கள் மட்டுமல்ல, சொற்களின் வரிசை. பைத்தனில் ‘இஃப்’ முதலில் வந்து நிபந்தனை பின்னால் வரும். அது ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு. தமிழில் நாம் ‘மழை வந்தால்’ என்கிறோம். ‘ஆல்’ கடைசியில் வருகிறது. எழிலிலும் நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பிறகு. அம்மாவின் பேர்க் கணக்கையே எடுத்துக்கொண்டு, நிர்ணய எடை 18 கிலோ என்று வைத்து, நானும் மருமகளும் எழுதிப் பார்த்தோம்:

எடை = 19
@( எடை < 18 ) ஆனால்
    பதிப்பி "அரைப் பேர்"
இல்லை
    பதிப்பி "முழுப் பேர்"
முடி

அவள் அதை உரக்க வாசித்தாள். அடுப்பருகில் உட்கார்ந்திருந்த என் தாயார் காதில் அது விழுந்தது. எண்பது கடந்தவர். கணினியைத் தொட்டதில்லை.

“கழிவு எங்கடி?” என்றார்.

“என்ன அம்மாயி?”

“சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பாங்களே. அதக் கழிச்சிட்டுத்தான பேர் போடுவாங்க. நீ நிறுத்த ஒடனே போட்டுட்ட.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செய்நிரலில் பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பள்ளிக்கூடம் அதிகம் காணாத ஒரு கொழுந்து பறிப்பவர். மருமகள் நடுவில் ஒரு வரி சேர்த்தாள்: எடை = எடை - 2. பத்தொன்பது கிலோ பறித்தவளுக்கு இப்போது அரைப் பேர் விழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செக்ரோலில் நான் தேடிய விடை இதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

இதைத்தான் எழிலின் பக்கம் நான் வைக்கும் முதல் எடைக்கல்லாகச் சொல்வேன். ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. சிறுவர்களுக்கான ஸ்கிராட்ச் மொழியை ஸயமிந்து தாஸ்குப்தா, பெஞ்சமின் மாக்கோ ஹில் என்ற இருவர் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். தம் தாய்மொழிக் கட்டளைகளைக் கொண்டு பழகியவர்கள், அதே நாட்டில் ஆங்கிலக் கட்டளைகளோடு பழகியவர்களை விட விரைவாகப் புதிய கருத்துகளைக் கையாண்டார்கள் என்பதே அது.

பைத்தனின் தட்டு

ஆனால் தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு.

நெதர்லாந்தின் கைடோ வான் ரொஸம் 1989 நத்தார் விடுமுறையில் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தன் இன்று உலகின் பொதுச் சந்தை. வங்கி, மருத்துவம், வானியல், செயற்கை நுண்ணறிவு என்று அது நுழையாத துறை இல்லை. ஒரு வேலையை முடிக்க வேண்டுமென்றால் அதற்கான நிரற்றொகுதியை முன்னமே ஒருவர் எழுதி வைத்திருப்பார். சந்தேகம் வந்தால் ஆயிரம் பேர் விடை எழுதியிருப்பார்கள். எழிலில் ஐயம் வந்தால் கேட்பதற்கு ஆட்கள் சிலரே. கொழும்பிலோ சென்னையிலோ எழில் தெரிந்தவர் தேவை என்று வேலை விளம்பரம் வருவதில்லை. என் மருமகளின் பரீட்சைத் தாளிலும் எழில் வராது.

இன்னொரு நியாயமும் உண்டு. பைத்தனின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. முப்பத்தைந்து ஆங்கிலச் சொற்களைக் கற்பது மலையேறுவது போன்றதா? மேலும் 2008 டிசம்பரில் வந்த பைத்தன் 3 முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘எடை’, ‘கழிவு’ என்று எழுதினால் பைத்தன் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் மாத்திரம் ஆங்கிலத்தில் நிற்கும்.

சிறிய கருவியை நம்பி நானே பட்ட பாடு ஒன்றுண்டு. தொண்ணூறுகளில் நான் எழுதிய கட்டுரைகளை அன்றைய ஓர் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து நெகிழ்வட்டுகளில் சேமித்தேன். அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தது. ஒருங்குறி வந்து உலகம் அதன் பின்னே போயிற்று. பல ஆண்டுகள் கழித்துக் கோப்புகளைத் திறந்தபோது, தோட்டத்துப் பெண்களின் நேர்காணல்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்தன. சிலவற்றை மாற்றி மீட்டேன். சில வட்டுகள் திறக்கவே இல்லை. அந்த எழுத்துரு கெட்டதன்று, அழகானது. ஆனால் உலகம் வேறு பாதையில் போனபோது அதை நம்பியவர்கள் அநாதைகளானோம். சிறிய மொழியின் ஆபத்து அதன் குறையில் இல்லை, அதன் தனிமையில் இருக்கிறது.

நடேசய்யர் காட்டிய வழி

இவ்விடத்தில் மலையகப் பத்திரிகையாளர்களின் முன்னோடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் எளிதில் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாகப் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டவர். “தேசநேசன்”, “தேசபக்தன்” என்ற தமிழ் ஏடுகளை 1920களில் நடத்தினார். அதே காலத்தில் ஆங்கிலத்திலும் ஏடு நடத்தினார். 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் கண்டார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து சட்ட சபைக்குத் தெரிவானார்.

இரண்டு மொழியில் ஏன்? தொழிலாளி தன் நிலையைத் தானே விளங்கிக்கொள்ள வேண்டும், அதற்குத் தமிழ். அதிகாரத்தில் இருப்பவன் அந்த நியாயத்தைக் கேட்டாக வேண்டும், அதற்கு ஆங்கிலம். தமிழில் மட்டும் எழுதியிருந்தால் அவர் குரல் மலையை விட்டு இறங்கியிராது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களே அவரை அறிந்திருக்க மாட்டார்கள்.

எழிலும் பைத்தனும் பகைவர்கள் அல்ல என்பதற்கு வெளிப்படையான சான்று ஒன்றும் உண்டு. எழிலின் மொழிபெயர்ப்பியே பைத்தனில் எழுதப்பட்டது. பிள்ளை தமிழில் சொல்ல, அதைக் கேட்டு நிறைவேற்றுவது பைத்தன். அந்த முயற்சியிலிருந்து கிளைத்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நிரற்றொகுதி, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கவும் எண்ணவும் பைத்தன் எழுதுவோருக்கு இன்று உதவுகிறது. சிறிய மொழி பெரிய மொழிக்குச் செலுத்திய கடன் அது.

ஆகவே என் தீர்ப்பை மருமகளிடம் இப்படிச் சொன்னேன்: “மகள், ஒரு மாசம் எழில்ல எழுது. ஏன் அந்த இடத்துல அந்தச் சொல் வருதுன்னு புரியட்டும். பிறகு அதையே பைத்தன்ல எழுது. ஆனா பைத்தன விட்டுடாத.” எழிலிலேயே நின்றுவிடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தமிழ்ப் பற்றின் பெயரால் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் வேலைவாய்ப்பைப் பணயம் வைப்பது, அவளை மறுபடியும் லயத்துக்குள் அடைப்பதே ஆகும்.

அவள் ஒரு மாதம் காத்திருக்கவில்லை. அன்றிரவே பேர்க் கணக்கைப் பைத்தனில் எழுதினாள், கழிவையும் சேர்த்து. ‘இஃப்’ எங்கே வர வேண்டும் என்று இம்முறை அவள் தயங்கவில்லை. பாடத்தை விடவும் இல்லை. பரீட்சை இனிமேல்தான்.

தூங்கப் போகுமுன் என் தாயார் கேட்டார்: “அந்தப் பொட்டி இப்ப கழிவு போடுதா?”

போடுகிறது என்றேன். “எவ்வளவு போடுது?” என்றார். இரண்டு கிலோ என்றேன்.

“கூடுதல்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.