வடிவமைப்புப் பணிக்கான மடிக்கணினி: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

வடிவமைப்பு மடிக்கணினி என்பது முப்பரிமாண வரைவு, பொறியியல் மாதிரி, ரெண்டரிங் போன்ற கனமான வேலைகளுக்காகத் தனி கிராஃபிக்ஸ் சிப்போடு வரும் லேப்டாப். கடைகளில் ‘மொபைல் ஒர்க்ஸ்டேஷன்’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். தூக்கிக்கொண்டு போக எடை குறைய வேண்டும். ரெண்டர் ஓட மின்சாரமும் காற்றோட்டமும் கூட வேண்டும். இந்த இழுபறி புதிதல்ல. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1, கையில் எடுத்துச் செல்லும் கணினி என்றுதான் விற்கப்பட்டது. எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம். இன்று இரண்டரைக் கிலோவில் அதைப்போல் பல லட்சம் மடங்கு வேலை நடக்கிறது என்றாலும், இழுபறி தீர்ந்தபாடில்லை.

வடசென்னையில் இந்தக் கருவிக்குத் தேவை ஏற்பட்ட கதை நீளமானது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது. 1946-இல் எம்.ஆர்.எஃப் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கியது. 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வளர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் ராயல் என்ஃபீல்டு இந்தியாவுக்கு வந்து, திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. 1969-இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். இவற்றைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், கப்பல் பழுதுபார்ப்போர், குழாய்ப் பாதை வரைவோர் என ஒரு பெரும் கூட்டம் பிழைக்கிறது. இவர்களுக்கு டிராயிங் போடும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறொன்று. கணினியும் கூடவே போக வேண்டியிருக்கிறது.

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர். ஏமாறுவதும் அங்கேதான். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 4070 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். மெல்லிய உடலில் அடைபட்டது ஒன்று, தடித்த உடலில் தாராளமாக மூச்சுவிடுவது மற்றொன்று. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும் ஒரே ஸ்டிக்கர். மேசைக் கணினியின் 4090 கார்டு 24 ஜி.பி நினைவகத்தோடு 450 வாட் வரை இழுக்கும். அதே எண்ணைத் தாங்கிய லேப்டாப் சிப்புக்கு 16 ஜி.பி நினைவகம், அடிப்படை அளவு 80 முதல் 150 வாட். உள்ளே இருக்கும் சிலிக்கானே வேறு. ஆகவே ‘டி.ஜி.பி (சிப்புக்கு ஒதுக்கிய மொத்த வாட்) எவ்வளவு?’ என்று கேட்பவருக்கே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

மீதிப் பாதி, கார்டின் சொந்த நினைவகம். பழைய ரசாயன ஆலைகளில் குழாய்கள் பல முறை மாற்றப்பட்டிருக்கும். கையிலுள்ள டிராயிங்குக்கும் கண்முன் நிற்கும் குழாய்க்கும் பொருத்தம் இருக்காது. அதனால் லேசர் ஸ்கேனர் வைத்து ஆலையையே கோடிக்கணக்கான புள்ளிகளாக அளந்துகொள்கிறார்கள். இந்தப் புள்ளிக் கோப்புகள் எளிதில் பல பத்து ஜி.பி-யைத் தொடும். ரெண்டரிங்கிலோ, காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும், அல்லது கணினியின் பொது நினைவகத்தில் வழிந்து ஊர்ந்து போகும். 8 ஜி.பி கார்டு படிப்பவருக்குப் போதும். ஸ்கேன் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவருக்கு 12 அல்லது 16 ஜி.பி இருந்தால்தான் நிம்மதி.

பொது நினைவகம் 32 ஜி.பி-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருவதால் பின்னால் கூட்ட முடியாது. 2024-இல் வந்த திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் கழற்றிப் போடக்கூடிய எல்பிகேம்2 என்னும் புதிய வகை நினைவகம் இடம்பெற்றது வரவேற்கத்தக்க விலக்கு. ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் பொது நினைவகத்தையே கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்வதால் பெரிய காட்சிகளும் அடங்கும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் சாலிட்ஒர்க்ஸ், கேட்டியா, ரெவிட் ஆகிய பொறியியல் மென்பொருள்கள் மூன்றும் மேக்கில் நேரடியாக ஓடுவதில்லை, விண்டோஸ் வேண்டும். ஆகவே மென்பொருளை முடிவு செய்துவிட்டு இயந்திரத்துக்கு வருவதே முறை.

இனி இந்த ஊருக்கே உரிய சங்கதி: காற்று. லேப்டாப்பின் ஃபேன் வெளிக்காற்றை உறிஞ்சித்தான் சிப்பைக் குளிர்விக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. அனல்மின் நிலையங்களை அண்டிய பகுதிகளில் சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரச் சென்னையில் இது அன்றாட நிலை. மின்சாரம் ஓடும் தாமிரத்தின்மேல் அப்படியொரு கரைசல் படிந்தால் அரிக்காமல் என்ன செய்யும்? ஏ.சி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதே ஈரம் குளிர்ந்த லேப்டாப்பின்மேலும் படியும். பையைத் திறக்காமல் கால்மணி, அரைமணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு ஆன் செய்வது கைகொடுக்கும். ஃபேனைக் கழற்றித் துடைக்க எளிதாக அடிமூடி திறக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. விளம்பரத்தில் இந்த அம்சத்துக்கு இடம் கிடைப்பதில்லை.

வெப்பமும் சும்மா விடாது. பெரும்பாலான லேப்டாப்கள் 35 டிகிரி வரையிலான சூழலுக்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. தகரக் கூரைப் பட்டறைக்குள் கோடையில் 40-ஐத் தொடுவது அதிசயமில்லை. அப்போது சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே நிற்கும் காரில் லேப்டாப்பை விட்டுவிட்டு இறங்குவது பேட்டரிக்குச் செய்யும் துரோகம்.

பேட்டரியை நம்பி ரெண்டர் போடவும் முடியாது. பயணிகள் விமானத்தில் தடையின்றிக் கொண்டுசெல்ல 100 வாட்-மணி வரையே அனுமதி என்பதால் பெரிய லேப்டாப்களும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மின்கம்பியைப் பிடுங்கியதும் கிராஃபிக்ஸ் வேகமும் விழும். சார்ஜரின் எடையையும் சேர்த்தே சுமையைக் கணக்கிட வேண்டும். 330 வாட் சார்ஜர் ஒரு செங்கல்போலக் கனக்கும், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவில் நின்றுகொண்டு போகிறவரின் தோளுக்கு அது தெரியும். ஒரு வசதி உண்டு: கப்பல்களின் மின்சாரம் பொதுவாக 60 ஹெர்ட்ஸ், கரையில் 50. லேப்டாப் சார்ஜர்கள் இரண்டையும் ஏற்கும். கப்பலின் பிளக் வடிவம்தான் மாறுபடும், அதற்கொரு அடாப்டர் பையில் கிடந்தால் போதும்.

எல்லாருக்கும் இந்தக் கனமான லேப்டாப் தேவையுமில்லை. அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினியை ரெண்டருக்கு விட்டுவிட்டு, இலகுவான லேப்டாப்பிலிருந்து இணையம்வழி அதை இயக்கினால் பணமும் மிச்சம், தோளும் மிச்சம். இரும்புச் சுவர் சூழ்ந்த கப்பல் எந்திர அறைக்குள் சிக்னல் எட்டாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்குவோர் ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது போதாது. கணினியின் வேகத்தை அளக்க 2020-இல் வந்த சினிபெஞ்ச் ஆர்23 சோதனை இயல்பாகவே பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஓடும். குறுகிய சோதனையில் சூடேறும் முன்பே மதிப்பெண் வந்துவிடுகிறது என்பதே காரணம். கடைக்காரர் முகம் சுளித்தாலும், பிளெண்டரில் ஒரே காட்சியை அரைமணி நேரம் அடுத்தடுத்து ரெண்டர் செய்து, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். கடையில் ஏ.சி ஓடுகிறதா என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.