சித்திரங்களின் எண்ணிக்கையும் கலையின் தரமும்
(யப்பானிய, அமெரிக்க அசைவூட்டப் படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

யப்பானிய அசைவூட்டப் படங்கள் அமெரிக்கப் படங்களிலும் தொழில்நுட்பத்திற் குறைந்தவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. உடல் அசையாதிருக்க வாய் மட்டும் அசைவதும், ஒரே காட்சி மீண்டும் மீண்டும் வருவதும் இதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. இன்று இதற்கு நேர்மாறான கருத்தும் வலுப்பெற்றுள்ளது. இரண்டுமே தொழில்நுட்பத்தை ஒரு தேசத்தின் இயல்பாகக் கொள்கின்றன. ஆனால் அதனைப் பெரிதும் நிர்ணயித்தவை உற்பத்திச் சூழ்நிலைகளே என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

திரைப்படச் சுருளில் செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சட்டகத்துக்கும், அல்லது இரு சட்டகங்களுக்கு ஒன்றாக, புதிய சித்திரம் வரைவதே முழு அசைவூட்டமாகும். 1937 இல் வெளியான டிஸ்னியின் ‘ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளர்களும்’ இம்முறையின் பெருஞ்சாதனை. பின்னணி ஓவியங்களை வெவ்வேறு தளங்களில் வைத்துப் படம்பிடிக்கும் பல்தளக் கமெரா அதன் காட்சிகளுக்கு ஆழத்தை அளித்தது. எனினும், அச்சாதனையின் பின்னால் நூற்றுக்கணக்கான ஓவியர்களின் உழைப்பும், ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் முதலீடும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

தொலைக்காட்சியின் வருகை இச்சூழ்நிலையை மாற்றியது. ‘ரொம் அன்ட் ஜெரி’ படங்களை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும், எம்.ஜி.எம். நிறுவனம் தனது கார்ட்டூன் பிரிவை மூடியதைத் தொடர்ந்து 1957 இல் சொந்த நிறுவனம் தொடங்கினர். குறைந்த செலவில் தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரிக்க அவர்கள் சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தனர். யோகி என்னும் கரடியின் கழுத்துப்பட்டி வெறும் அலங்காரமன்று. உடலை மீள வரையாது தலையை மட்டும் அசைப்பதற்கான உபாயமாகும். ஆகவே, யப்பானியக் குறையெனக் கருதப்பட்ட மட்டுப்படுத்திய அசைவூட்டம் அமெரிக்காவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

யப்பானின் முதலாவது முழுநீள வண்ண அசைவூட்டப் படமான ‘வெண்பாம்பின் கதை’யை 1958 இல் தோயெய் நிறுவனம் முழு அசைவூட்டத்தைத் தழுவியே தயாரித்தது. திருப்பம் 1963 சனவரி முதலாம் திகதி நேர்ந்தது. அன்று ஒசாமு தெசுக்காவின் ‘அஸ்ட்ரோ போய்’ தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. வாரந்தோறும் அரைமணி நேரப் படமொன்றை முடிப்பதற்காக மூன்று சட்டகங்களுக்கு ஒரு சித்திரமே வரையப்பட்டது. முன்னர் வரைந்தவையும் சேமித்து மீளப் பயன்படுத்தப்பட்டன. உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட தொடரின் நட்டம், பாத்திர உரிமைகள் மூலமும் வெளிநாட்டு விற்பனை மூலமும் ஈடுசெய்யப்பட்டது. அவரது முஷி நிறுவனம் 1973 இல் வங்குரோத்தடைந்தது. குறைந்த விலையில் தயாரிக்கும் வழக்கமோ நிலைத்தது.

இந்நெருக்கடி புதிய உத்திகளையும் தோற்றுவித்தது. அசையாச் சித்திரத்தின் மீது கமெராவை நகர்த்துதல், காட்சிக் கோணங்களை விரைந்து மாற்றுதல் என்பன அவற்றுட் சில. முஷியில் பயின்ற ஒசாமு தெசாக்கி, உணர்ச்சியின் உச்சத்திற் காட்சியைத் தீட்டிய ஓவியமாக உறையச் செய்வதைத் தமது தனி முத்திரையாக்கினார். பணம் கிடைத்தபோது முழுமையான அசைவும் சாத்தியமாயிற்று. 1988 இல் வெளியான ‘அகிரா’வுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சித்திரங்கள் வரையப்பட்டன, அமெரிக்க வழக்கப்படி உரையாடலை முன்னரே பதிவுசெய்து, வாயசைவு அதற்கேற்ப அமைக்கப்பட்டது.

எனவே, சித்திரங்களை எண்ணித் தரத்தை அளவிடுதல் பொருந்தாது. அசைவின் செழுமை ஒரு மரபின் வலிமை; அசைவின்மையைப் பொருளுள்ளதாக்கியமை மற்றையதன் வலிமை. ஆயின், அச்சிக்கனத்தின் விலையை நீண்ட நேரம் குறைந்த ஊதியத்துக்கு வரைந்த ஓவியர்களே செலுத்தினர். தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் உழைப்பையும் அதன் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.