முருக்க மரத் துறைமுகம்

தாணே என்றதும், 1853 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து இந்நகருக்கு வந்த முதல் புகைவண்டியே பலருக்கும் நினைவிற்கு வரும். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஸ்ரீஸ்தானகம் என்ற பெயருடன் வட கொங்கணத்துச் சிலாகார மன்னர்களின் தலைநகராகவும், மேலைக் கடலின் மரக்கலங்கள் வந்து தங்கும் துறையாகவும் இது விளங்கியதை நினைப்பவர் சிலரே. மார்க்கோ போலோ தம் நூலில் தாணே நாட்டின் தோலையும் பருத்தித் துணியையும் குறித்து எழுதியுள்ளார். 1321 ஆம் ஆண்டு இந்நகரில் நான்கு பிரான்சிஸ்கன் துறவியர் சமயப் பூசலில் உயிரிழந்தனர். சிறிது காலம் கழித்து இங்கு வந்த ஒடரிக் என்னும் இத்தாலியத் துறவி அவர்களுடைய எலும்புகளைத் திரட்டிப் பொதிந்து எடுத்துக்கொண்டு கப்பலேறினார். கொல்லம், மயிலாப்பூர், சுமத்திரா, சாவகம் என நெடுங்கடல் கடந்து சென்று, அவற்றைச் சீனத்துச் சைத்தூன் நகரில் தம் சபையாரின் இல்லத்தில் சேர்ப்பித்தார். நாம் குடியிருக்கும் இந்நகருக்கும் அத்தொலைநகருக்கும் இடையே எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வழி இருந்தது. அவ்வழியில் துறவிக்கு முன்பே நம்மவர் சென்றிருந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சைத்தூன் என்று அயலார் அழைத்த நகரம் இன்று சுவான்சௌ எனப்படுகிறது. தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்தில், தைவான் தீவை எதிர்நோக்கிக் கடலோரத்தில் உள்ளது. சீனம் செல்லும் நம்மவர் பெருஞ்சுவரையும் பெய்ஜிங் அரண்மனையையும் ஷாங்காயின் வானளாவிய மாடங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஃபூஜியான் பக்கம் திரும்புவோர் குறைவு. தமிழன் சீனத்தில் காணவேண்டிய ஊர் ஒன்றே ஒன்று எனச் சொல்லச் சொன்னால், நாம் தயங்காமல் சுவான்சௌ என்போம்.

அப்பெயரின் கதையே சுவையானது. சைத்தூன் என்றால் அரபு மொழியில் ஒலிவ மரம். 1340-களில் அங்குச் சென்ற இபின் பதூதா, பெயர் இவ்வாறிருப்பினும் ஊரில் ஒலிவம் இல்லையே என்று வியந்தார். உண்மையில் அது சீனத்தில் 'சித்தோங்' என வழங்கும் மரத்தின் பெயர். பத்தாம் நூற்றாண்டில் நகர் மதிலைச் சுற்றி அம்மரத்தை நட்டு வளர்த்தனர். ஊருக்கு அதுவே பெயராயிற்று. அம்மரம் நமக்கு அயலானதன்று. சங்கப் புலவர் முருக்கு என்றதும், நம் பாட்டிமார் கலியாண முருங்கை என்றதும், மராட்டிய அண்டை வீட்டார் பாங்காரா என்பதும் அதுவே. திருமணப் பந்தலில் அரசாணிக்காலாக நிற்பதும் அதன் கிளைதான். மேலைக் கடற்கரை மலைத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர்வதற்கும் அதனையே நடுவர். மிளகு ஏறிப் படரும் மரத்தின் பெயரைத் தாங்கிய துறைமுகத்திற்கே நம் மிளகு கப்பல் கப்பலாகச் சென்றது! கிறித்தவ நாடுகளுக்காக அலெக்சாந்திரியாவிற்கு மிளகுக் கப்பல் ஒன்று போனால் சைத்தூனுக்கு நூறு போகும் என்பது மார்க்கோ போலோவின் கணக்கு. வெனிசு வணிகர் மிகைப்படுத்தாமல் எதையும் சொல்வதில்லை. ஆயினும் திசை சரிதான்.

சோழர் காலத்திலேயே இப்போக்குவரத்து அரசு முறையில் தொடங்கிவிட்டது. இராசராசனின் தூதர் 1015-லும், இராசேந்திரனின் தூதர் 1033-லும், குலோத்துங்கனின் தூதர் 1077-லும் சொங் பேரரசரின் அவையை அடைந்ததாகச் சீன ஆவணங்கள் கூறுகின்றன. மூன்றாம் தூதுக் குழுவில் எழுபத்திருவர் இருந்தனர். தூதர் போவதும் வருவதும் அரசர் பெருமை. கடலோரத்தில் கடை விரித்து, வீடெடுத்து, ஆண்டுக்கணக்கில் தங்கியவர் வணிகர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் சுமத்திராவின் பாரூசில் 1088-ல் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை விட்டுச் சென்றனர். அப்பாதையின் கிழக்கு எல்லை சுவான்சௌ.

அங்கு 1956 ஆம் ஆண்டு ஒரு கல் கிடைத்தது. அதில் இருந்தவை தமிழ் எழுத்துகள். இறுதி வரி மட்டும் சீனம். சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாண்மீன் கூடிய நாள் என்று அது காலம் குறிக்கிறது. குடி பாட்வா அன்று இங்குள்ள மராட்டியர் எண்ணும் சாலிவாகன சகம்தான் அது; கிறித்து ஆண்டிற்கு 1281 ஏப்ரல், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாள். சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், செகசைகானின் நலத்திற்காக, அவருடைய ஃபர்மான் என்னும் அரசாணைப்படி, திருக்கதலீச்சரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. செகசைகான் என்று தமிழ் நாவில் உருமாறியவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் என்பது அறிஞர் கருத்து. அவருக்குச் சேச்சன் கான் என்ற பட்டமுண்டு. இக்கல்வெட்டைப் படித்து விளக்கிய தி. நா. சுப்பிரமணியனின் கட்டுரை 1978-ல் வெளியாயிற்று. ஜப்பானியத் தமிழறிஞர் நொபொரு கராஷிமாவும் பின்னர் இதனை ஆராய்ந்தார்.

இக்கல்லைக் குறித்து மேடைகளில் முழங்குவோர், தமிழன் சீனத்தையும் வென்றான் என்று சொல்லிவிடுவதுண்டு. கல் அவ்வாறு சொல்லவில்லை. அது சொல்வது வேறு. நம் போன்றோர்க்கு அது வெற்றிச் செய்தியைவிட நெருக்கமானது. பிழைப்பிற்காகக் கடல் கடந்து போன ஒரு கூட்டம் அவ்வூர் ஆட்சியாளரிடம் அனுமதி பெறுகிறது. கோயில் எடுக்கிறது. ஆள்பவன் நலம் பெறட்டும் என்று வேண்டிக்கொள்கிறது. நாளையும் மீனையும் ஊரில் எண்ணியபடியே எண்ணுகிறது. தன் மொழியில் எழுதி, உள்ளூரார்க்காக அவர்கள் மொழியில் ஒரு வரியும் சேர்க்கிறது. அந்தக் கல்லில் சமற்கிருதம், தமிழ், பாரசீகச் சொல், மங்கோலியப் பெயர், சீன எழுத்து ஐந்தும் ஓரிடத்தில் உள்ளன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் கோயிலும் பள்ளியும் சங்கமும் நிறுவிய நம் முன்னோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே அன்றோ? அதே 1281 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாங் திங்பி என்னும் சீனத் தூதர் சுவான்சௌவிலிருந்து புறப்பட்டு, காற்றும் உணவும் துணை செய்யாமையால், கொல்லம் செல்லாது பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

அக்கோயில் இன்றில்லை. அதன் உறுப்புகளும் அதனையொத்த பிற கட்டடங்களின் உறுப்புகளும் நகரெங்கும் சிதறிக் கிடைத்துள்ளன. அவற்றின் எண்ணிக்கை முந்நூறுக்கு மேல் என்பர். அவற்றில் தலையாயவை கையுவான் பௌத்தக் கோயிலில் உள்ளன. 686-ல் நிறுவப்பெற்ற அக்கோயிலின் இரு கற்கோபுரங்களும் பதின்மூன்றாம் நூற்றாண்டினவை. நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. சுற்றுலாச் செல்வோர் அவற்றின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுவர். நாம் பெருமண்டபத்தின் பின்புறம் செல்லவேண்டும். அங்கே பதினாறு பட்டை கொண்ட தூண்கள் இரண்டு. வட்ட வட்டமான சட்டங்களுக்குள் நரசிங்கர் இரணியனைக் கிழிக்கிறார். கண்ணன் மருத மரங்களின் இடையே நிற்கிறான். ஆய்ச்சியர் துகிலைக் கவர்ந்து மரமேறியிருக்கிறான். யானைக்குத் திருமால் அருள்கிறார். கதை நம்முடையது, உளி சீனத் தச்சனுடையது. மண்டபத்தின் அடிமேடையில் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் எழுபதுக்கும் மேல் வரிசையாக உள்ளன. மிங் காலத்துத் திருப்பணியின்போது, இடிந்த கோயிலின் கற்கள் எனக் கொண்டு இவற்றை இங்கே பொருத்தினர். கடல் வரலாற்று அருங்காட்சியகத்தில் யானையொன்று இலிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. திருவானைக்காவின் கதை தெரிந்தவர்க்கு அதன் அருகில் விளக்கப் பலகை தேவையில்லை. ஆனந்த குமாரசாமி 1933-லேயே இச்சிற்பங்களைப் பற்றி எழுதி, உலகறிஞரின் கவனத்திற்குக் கொணர்ந்தார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவர் அதனைச் செய்தது பொருத்தமே.

இவை ஏன் சிதறின? 1357 முதல் 1366 வரை அந்நகரில் நடந்த கலகத்தில் அயல் வணிகர் குடியிருப்புகள் அழிவுற்றன. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிகத்தைத் தடை செய்தது. தமிழர் ஊர் திரும்பினரோ, அங்கேயே கலந்து கரைந்தனரோ, எவரும் எழுதி வைக்கவில்லை. கோயிற் கல் மதிலுக்கும் பாலத்திற்கும் சென்றது. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அக்கற்கள் வெளிவந்தன. வூ வென்லியாங் என்னும் உள்ளூர்ப் பள்ளியாசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1957-ல் நூலாகவும் வெளியிட்டார். தமிழறியாத ஒருவர் தமிழ்க் கோயிலின் கற்களைக் காப்பாற்றினார்.

நம் பக்கத்துக் கணக்கு அவ்வளவு நன்றாயில்லை. வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி, பதினான்காம் நூற்றாண்டில், கீழைக் கரையில் செங்கல்லால் ஆன கோபுரம் ஒன்றைக் கண்டு, அதில் 1267-ல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து இருந்தது என்று குறித்தார். அது நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என வழங்கியதே என்பர் பலர். சீனர் நம் கரையில் எழுப்பிய அந்நினைவு 1867-ல் இடித்து அகற்றப்பட்டது. வூ வென்லியாங் போன்ற ஓர் ஆசிரியர் நாகையில் அப்போது இல்லாமற் போனார்.

சுவான்சௌவில் பார்க்கத்தக்கன வேறும் உள. 1009-ல் நிறுவிய கல் மசூதி. அருகிலுள்ள ஜின்ஜியாங்கில் மானி சமயத்தாரின் கோயில். 1974-ல் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சொங் காலக் கப்பல். பதின்மூன்று அறைகள் கொண்ட அக்கப்பலில் மிளகும் நறுமணக் கட்டைகளும் கிடைத்தன. 1053-க்கும் 1059-க்கும் இடையில் கட்டிய லோயாங் பாலத்தின் அடிக்கற்களைச் சிப்பி வளர்த்துப் பிணைத்தனர் என்பது, கழிமுகத்தில் வாழும் தாணேக்காரர்க்கு வியப்பூட்டும். இவற்றுட் சில அடங்கிய இருபத்திரண்டு இடங்களை 2021-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மாநிலத்தின் பிற பகுதிகளை விரிக்க இடமில்லை. துலோ எனும் மண்கோட்டை வீடுகளை மட்டும் சொல்லலாம். நடு முற்றத்தைச் சுற்றி வளையமாக மூன்று நான்கு மாடிகள், ஒரே வாயில், உள்ளே ஒரே குலத்துப் பல குடும்பங்கள். சால்களில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவ்வாழ்க்கை எளிதில் விளங்கும். ஊயி மலையும் தேயிலைக்குப் பேர் போனது. ஃபூஜியான் கடற்கரைப் பேச்சில் அவ்விலையின் பெயர் 'தே'. ஐரோப்பியக் கப்பல்கள் எடுத்துச் சென்ற அச்சொல்லே நமக்குத் தேயிலையாயிற்று; பிற சீனப் பகுதிகளின் 'சா' தரைவழி வந்து இந்தியில் சாய் ஆகவும் மராட்டியில் சஹா ஆகவும் நின்றது. தெருவில் சஹா கேட்டுவிட்டு வீட்டில் தேநீர் என்று எழுதும் நாம், ஒரே இலையின் இரு வழிப் பெயர்களையும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம்.

சுவான்சௌ செல்வோர் அரைநாள் ஒதுக்கிச் சேதியான் என்னும் சிற்றூருக்கும் போய்வரலாம். அங்கே ஒரு சிறு கோயிலில், நான்கு கரங்களுடன், காலடியில் அசுரன் கிடக்க, இருபுறமும் தோழியர் நிற்க, ஒரு தேவி அமர்ந்திருக்கிறாள். 2013-ல் இந்தியப் பத்திரிகையாளர் சென்று கண்டபோது, ஊரார் அவளைக் குவான்யின் என்ற பௌத்தத் தெய்வமாகக் கொண்டு, ஊதுவத்தி ஏற்றிப் பழம் படைத்து வந்தனர். அவள் எங்கிருந்து வந்தாள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. வழிபாடு மட்டும் நிற்கவில்லை.