தொட்டிலின் வரவு செலவு

யூபிலி மலர் என்றாலே கோயில் எழும்பிய வரலாறும், பணிபுரிந்த குருக்களின் வரிசையும், சபைகளின் அறிக்கைகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றிற்கு நடுவே குழந்தைக் காப்பகத்தின் கணக்கு வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பார்ந்த பங்கு மக்கள் கேட்கக்கூடும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் அதிகாலையில் ஆலை வண்டி ஏறிய தாய்மாரைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவர்கள் திரும்பி வரும்வரை கைக்குழந்தையை யார் தூக்கி வைத்திருந்தார்கள், அப்படித் தூக்கி வைத்திருந்தவருக்கு யார், என்ன கொடுத்தார்கள் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்த விவரம் ஒளிந்திருக்கும் இடம் வரவு செலவு ஏடுதான்.

ஊர்ப்பணத்தைத் திரட்டிப் பொதுக்காரியம் நடத்துவது நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. விருதுபட்டி என்ற ஊர் 1923-ல் விருதுநகர் என்று பெயர் மாறுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கு மகமை இருந்தது. வியாபாரத்திற்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று நாடார் உறவின்முறையார் ஒரு சிறு தொகையை ஒதுக்கினர். முறை வைத்துப் பொறுப்பேற்ற முறைகாரர் அதை வசூலித்துக் கணக்கு ஒப்புவிப்பார். கிணறும் பேட்டையும் பள்ளியும் அப்பணத்தில் எழுந்தன. 1885-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இம்மகமையாலும், அதனினும் சிறப்பாகப் பிடி அரிசியாலும் வளர்ந்தது. உலை வைக்கும்போது இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பாள். அது திரட்டப்பட்டுப் பள்ளிச் செலவுக்குப் போகும். பெருந்தலைவர் காமராசர் சிறுவயதில் படித்த பள்ளி அதுவே. பின்னாளில் 1956-ல் அவர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவும் முதலில் ஊராரின் நன்கொடையை நம்பியே கிளம்பியது. அரசின் பங்கு பிறகு சேர்ந்தது.

பிடி அரிசியின் நயம் என்னவென்றால், அது பெண்கள் கையிலிருந்து வந்த வரவு. மானியத்தைப்போல் ஆண்டுக் கடைசிவரை காத்திருக்க வைக்காது. அடுப்பெரியும் வீட்டிலெல்லாம் நாள்தோறும் சேரும். குறையும் உண்டு. அது ஒரு சமுதாயத்தின் கட்டுக்கோப்புக்குள் சுழன்ற பணம். அந்த வட்டத்திற்கு வெளியே நின்ற கூலிக்காரர்களின் குழந்தைக்கு அதே உரிமையோடு கிடைத்தது என்று சொல்வதற்கில்லை.

நிற்க. மழை பொய்க்கும் கரிசல் காட்டில் விவசாயத்தை நம்பி வாழ முடியாத நிலையில், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923-ல் இங்கே அதைத் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்து கொண்டன. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, சரம் பின்னுவது, குழாய் சுருட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. கூலியும் நாட்கணக்கில் அல்ல, செய்த எண்ணிக்கையில். பால் கொடுக்க எழுந்தால் அந்நேரத்திற்குக் கூலி இல்லை. ஆகவே குழந்தை வீட்டில் நின்றது. அதைத் தூக்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றாள். அவளுடைய சிலேட்டு எரவாணத்தில் சொருகியபடியே இருந்தது. தம்பி நடக்கத் தொடங்கியதும் அவளே வண்டியேறி வேலைக்குப் போனாள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் சிக்கலை ஆராய்ந்தவர்கள் ஆலை வாசலைத்தான் அதிகம் பார்த்தார்கள். அந்த வழி வீட்டுத் தொட்டிலருகே தொடங்கியதை அவ்வளவாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

சட்டம் பார்க்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் திருத்தம் வந்து அந்த 50 என்பது 30 ஆயிற்று. இலவசப் பாலோ சிற்றுண்டியோ கொடுக்கும்படி மாநில அரசு விதி செய்யலாம், தாய் இடையில் வந்து பாலூட்ட வசதி தரலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் நம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழில் சிறு சிறு அலகுகளாகச் சிதறியிருந்தது. கலால் வரிச் சலுகையும் அதற்கு ஒரு காரணம். சிறிய அலகில் எண்ணிக்கை சட்டத்தின் வரம்பை எட்டாது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுபவர் எந்த ஆலையின் பட்டியலிலும் வரமாட்டார். பட்டாசிலோ வேறொரு தடை: வெடிமருந்து புழங்கும் வளாகத்திற்குக் கைக்குழந்தையைக் கொண்டுவருவதே தகாது. ஆக, காப்பகம் இருக்கவேண்டிய இடம் ஆலை அன்று, ஊர்தான். ஊரில் என்றால் அதை நடத்துவது யார்?

1953-ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம், தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து இக்காரியத்தைச் செய்விக்க முற்பட்டது. பால்வாடி என்ற சொல் நம் கிராமங்களில் ஊன்றிய காலம் அது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அயல்நாட்டு உணவுப் பொருள் பள்ளிகளுக்கு வந்தது. அந்த மாவுக் கஞ்சியின் வாசனை மூத்தோருக்கு நினைவிருக்கும். 1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய பிள்ளைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கான காப்பக மானியத் திட்டமும் அதே 1975-ல் பிறந்தது. தமிழகத்தில் 1982 சூலை 1-ல் முதல்வர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் சிறு குழந்தைகளையும் அரவணைத்தது.

இத்தனை திட்டங்களிலும் குழந்தைக்குச் சோறு உண்டு. சோறூட்டுகிறவருக்கு என்ன? 1975-ல் அங்கன்வாடிப் பணியாளருக்கு மெட்ரிக் தேறியிருந்தால் மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100 ரூபாய், உதவியாளருக்கு 35 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, மதிப்பூதியம் என்று பெயர். பெயரில் என்ன இருக்கிறது என்று இலேசாக விட்டுவிடலாகாது. சம்பளம் என்றால் வைப்புநிதி, பணிக்கொடை, விடுப்பு எல்லாம் பின்னால் வரும். மதிப்பூதியம் என்றால் தொண்டு என்று பொருள், தொண்டுக்கு ஓய்வூதியம் கேட்பாருண்டா? அங்கன்வாடிப் பணியாளர் பணிக்கொடைக்கு உரியவர் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. இடையில் 47 ஆண்டுகள். அதுவும் அங்கன்வாடிக்கு. தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தின் ஆயா அந்தத் தீர்ப்பில் வரவில்லை.

இனி ஏட்டைத் திறப்போம். 2006 சனவரி 1 முதல் இராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் என்ற பெயரில் பழைய திட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. ஒரு காப்பகத்திற்கு 25 குழந்தைகள். பணியாளர் இருவருக்கும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய், அதாவது ஆளுக்கு 1,000. உணவுக்குக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய் 8 காசு. 25 குழந்தைகள், 26 நாட்கள் என்றால் 1,352 ரூபாய். மருந்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 350 ரூபாய். ஆக மாதம் 3,702, ஆண்டுக்கு 44,424. இதில் மதிப்பூதியத்தை அரசு முழுமையாகவும், மற்றவற்றை 90 விழுக்காடும் தந்தது. ஆண்டு மானியம் 42,384 ரூபாய். எஞ்சிய 2,040 ரூபாய் நடத்துகிற நிறுவனத்தின் பொறுப்பு.

பார்வைக்கு 2,040 சிறு தொகைதான். மாதம் 170 ரூபாய். 25 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 6 ரூபாய் 80 காசு. பிடி அரிசியிலேயே தீர்ந்துவிடும்போல் தோன்றும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீட்டாரிடம் மாதம் 20 ரூபாயும் மற்றவரிடம் 60 ரூபாயும் வாங்கவும் இடமிருந்தது; 25 வீடும் 20 ரூபாயைத் தவறாமல் கொடுத்தால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் சேரும். தவறாமல் கொடுப்பது எங்கே? மழைக்காலத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் காயாது, வேலை நிற்கும். தீபாவளி முடிந்த கையோடு பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். கூலி இல்லாத மாதத்தில் அந்த 20 ரூபாயை எந்தத் தாயிடம் கேட்பது?

மானியப் பட்டியலில் இடம்பெறாதவையும் உண்டு. கட்டட வாடகை அதில் கிடையாது. மின்கட்டணமும் உடைந்த பானையும் கிழிந்த பாயும் அந்த 350 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். ஆகவேதான் காப்பகங்கள் கோயில் மண்டபத்திலும் பள்ளித் தாழ்வாரத்திலும் சங்கக் கட்டடத்திலும் ஒண்டிக்கொண்டன. பங்குகள் கொடுத்த பெரிய நன்கொடை எது என்று கேட்டால் அந்த வாடகையில்லா நிழலைத்தான் சொல்லவேண்டும். ரொக்கப் புத்தகத்தில் அது ஒரு வரியாகக்கூட ஏறாது.

மானியம் உரிய காலத்தில் வருமா என்பது வேறு கதை. பதிவுபெற்ற சங்கமாக இருக்கவேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். தணிக்கையாளர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை. மார்ச் 31-ல் ஏடு மூடி, தணிக்கை முடித்து, சான்றிதழ் அனுப்பி, பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பால்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் கடன் சொல்லலாம். கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பார், இரண்டாம் மாதம் முகம் சுளிப்பார். ஆயாவுக்குக் கடன் சொல்வதுதான் எல்லாவற்றிலும் எளிது. அவள் முகம் சுளிப்பதில்லை. குழந்தை அவளைக் கண்டால் கை நீட்டுகிறதே! எனவே ஆண்டுக் கணக்கில் எது பற்றாக்குறை என்று காட்டப்பட்டதோ, அது பெரும்பாலும் அவளுக்குத் தரவேண்டிய பாக்கிதான். நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவள் அவளே என்று சொன்னால் மிகையாகாது.

பெரிய சங்கங்கள் அயல்நாட்டு உதவி பெற்றுச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்து வந்ததும் உண்டு. அயல்நாட்டு நன்கொடை முறைப்படுத்தும் சட்டம் 1976-ல் வந்தது. 2010-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்ற நன்கொடையை மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையே தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. முறைகேடு நடந்த இடங்கள் இருந்திருக்கலாம். ஆனால் தனிப் பதிவில்லாத சிற்றூர்க் காப்பகத்திற்கு அந்த வாய்க்காலும் வற்றிப்போனது.

இன்னொரு கணக்கையும் இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். குழந்தைத் தொழிலாளர் பற்றி 1979-ல் குருபாதசாமி குழு அமைந்தது. 1986-ல் தடைச் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசியிலும் தொடங்கியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசியை முன்னிட்டே, 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தவர் 20,000 ரூபாய் நல நிதியில் கட்டவேண்டும். அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தரவேண்டும், இல்லையேல் 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும். வட்டி பிள்ளையின் படிப்புக்கு. நல்ல தீர்ப்பு. ஆனால் மேலே கண்ட மானியம் 42,384-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள். குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,695 ரூபாய். தம்பியைக் காப்பகம் ஏற்றுக்கொண்டால் அக்காள் அன்றே பள்ளிக்குப் போகலாம். இரண்டும் வெவ்வேறு காலத்து ரூபாய், அப்படியே எடைபோட முடியாதுதான். ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் காப்பகச் செலவு ஒரு பிள்ளைக்கான அபராதத் தொகைக்குச் சமம் என்று காணும்போது, பணம் எங்கே முன்கூட்டிச் செலவாகியிருக்கவேண்டும் என்று தெரிகிறது.

2017-ல் திட்டம் மீண்டும் மாறியது. பணியாளருக்கு 3,000, உதவியாளருக்கு 1,500 என்று மதிப்பூதியம் உயர்ந்தது. அதே வேளையில் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 30, நடத்தும் நிறுவனம் 10 என்று பங்கிட்டனர். முன்பு முழுமையாக வந்த மதிப்பூதியத்திலும் இப்போது பத்தில் ஒரு பங்கு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. நாடெங்கும் ஒரு காலத்தில் 20,000-க்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020-ல் 7,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. 2022-ல் பால்னா என்ற பெயரில், அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் புதிய முறை வந்தது.

2017-ஆம் ஆண்டு நெறிமுறையில் காப்பகம் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. பட்டாசு ஆலைக்குப் போகும் தாய் காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டிக்கு நிற்பாள். திரும்பி ஊரில் இறங்கும்போது மாலை ஆறு, சில நாள் அதற்கும் மேல். நடுவில் உள்ள மூன்று, நான்கு மணி நேரத்திற்கு எந்தத் தலைப்பிலும் தொகை எழுதப்படுவதில்லை. இருட்டுக் கட்டும் வேளையில் கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்கும் ஆயாவுக்கும் வீட்டில் அந்நேரம் உலை வைக்க வேண்டியிருக்கும்.