டேனிய மொழியின் கூட்டுச்சொற்கள்

டேனிய மொழியில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் இடைவெளியின்றிச் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்பது கூட்டுச்சொல் எனப்படும். செருமன், சுவீடிய மொழிகளிலும் இவ்வழக்கம் உண்டு. புதிய கூட்டுச்சொற்களைத் தேவைக்கேற்ப எவரும் ஆக்கலாம் என்பதால் அவை அனைத்தும் அகராதியில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரையில் டேனிய ஒலிகள் தமிழ் எழுத்தில் ஏறத்தாழவே தரப்பட்டுள்ளன.

அமைப்பு

கூட்டுச்சொல்லின் இறுதி உறுப்பே தலைமையானது. பொருளின் அடிப்படை, பால், பன்மை வடிவம் ஆகியவற்றை அதுவே தீர்மானிக்கின்றது. பார்ன் (குழந்தை) நடுப்பாற் சொல். வொவ்ன் (வண்டி) பொதுப்பாற் சொல். இவை சேர்ந்த பார்னெவொவ்ன் (குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டி) பொதுப்பாலாகும்.

இச்சொல்லின் நடுவில் வரும் 'எ' தமிழ்ச் சாரியையைப் போன்றதோர் இணைப்பொலி. இதனினும் மிகுதியாக வருவது 'ஸ்' ஆகும். சில சொற்கள் ஈறு கெட்டு இதனை ஏற்கும்: ஆர்பைதெ (வேலை), பிளாஸ் (இடம்) இரண்டும் சேர்ந்து ஆர்பைட்ஸ்பிளாஸ் (பணியிடம்) ஆகின்றன. எச்சொல் எந்த இணைப்பொலியை ஏற்கும் என்பதற்கு முழுமையான விதி இல்லை. டேனிய மொழி கற்போர் பெரும்பாலும் பழக்கத்தால்தான் இதை அறிகின்றனர். எனினும் முதல் உறுப்பே ஒரு கூட்டுச்சொல்லாயின் 'ஸ்' தோன்றுவது இயல்பு. வீன்கிளாஸ் (திராட்சைமதுக் கிண்ணம்) என்பதில் இணைப்பொலி இல்லை. ரோத்வீன்ஸ்கிளாஸ் (செந்திராட்சைமதுக் கிண்ணம்) என்பதில் உண்டு. கிண்ணம் சிவப்பன்று, மதுவே சிவப்பு என்பதை இந்த 'ஸ்' காட்டிவிடுகின்றது.

மிக நீண்ட சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி காட்டப்படுவது 51 எழுத்துகள் கொண்டது. 'சிறப்பு மருத்துவர்களின் தொழில் தொடர்பான திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம்' என்பது அதன் பொருள். அன்றாடப் பேச்சில் இதற்கு இடமில்லை. இரண்டு மூன்று உறுப்புகள் கொண்ட சொற்களே பெருவழக்கு.

ஒலிப்பு

முதன்மை அழுத்தம் பொதுவாக முதல் உறுப்பில் விழும்; அடுத்த உறுப்பு துணையழுத்தம் பெறும். இத்துடன் ஸ்டோட் எனப்படும் தொண்டை இறுக்கமும் மாறுகின்றது. ஹுன் என்பதை ஸ்டோட் இன்றி ஒலித்தால் 'அவள்'. ஸ்டோட்டுடன் ஒலித்தால் 'நாய்'. ஸ்டோட் உடைய ஓரசைச் சொல், முதல் உறுப்பாக வரும்போது பெரும்பாலும் அதனை இழக்கும். லான் (நிலம்), மான் (மனிதன்) இரண்டும் தனித்து வரும்போது ஸ்டோட் உடையவை. லான்மான் (உழவர்) என்பதில் பிற்பகுதி மட்டுமே அதனைத் தக்கவைக்கின்றது. ஆகவே இன்னும் சொல் முடியவில்லை என்பதைக் கேட்பவர் முதல் உறுப்பிலேயே உணர முடிகின்றது. தென் தீவுகளின் மரபான வட்டார வழக்குகளில் ஸ்டோட் இல்லை. அங்கு அழுத்தமே துணை.

பிரித்து எழுதுதல்

கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுவது பிழையாகும், பொருளும் மாறிவிடலாம். டான்ஸ்க்லேரர் என்று சேர்த்து எழுதினால் டேனிய மொழி கற்பிக்கும் ஆசிரியர். இவர் எந்நாட்டவராகவும் இருக்கலாம். டான்ஸ்க் லேரர் என்று பிரித்தால் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர். இவர் கணிதமும் கற்பிக்கலாம். பேச்சில் பின்னதில் இரு சொற்களும் அழுத்தம் பெறுவதால் குழப்பம் நேர்வதில்லை. எழுத்தில் அழுத்தம் பொதுவாகக் குறிக்கப்படாமையால், அந்த வேறுபாடு முழுவதும் ஓர் இடைவெளியைச் சார்ந்துள்ளது. இப்பிழை பெருகுவதற்கு ஆங்கிலத்தின் தாக்கமே காரணம் எனக் கூறுவோர் உளர். சுருக்கப்பெயர்கள் முதல் உறுப்பாக வரும்போது இணைகோடு இடப்படும். 1955 இல் நிறுவப்பட்ட டேனிய மொழி அவை வெளியிடும் எழுத்துமுறை அகராதியே இவற்றில் அதிகாரபூர்வமானது.