ஆடவல்லான் என்னும் மரக்கால்

"சிவன் சொத்துக் குலநாசம்" என்பது நம் நாட்டு முதுமொழி. பொதுப்பொருளைக் கவர நினைப்பார்க்கு அச்சம் விளைத்தற்கு அது பெரிதும் பயன்படுவதே. ஆயினும், அஞ்சுவான் கைவையான். அஞ்சாதானை என் செய்வது? இவ்வினாவிற்குப் பண்டைத் தமிழரசு கண்ட விடை தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிற் கல்வெட்டுக்களிற் காணக் கிடக்கின்றது.

முதலாம் இராசராசன் தனது 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாள், அஃதாவது கி.பி. 1010-இல், அரண்மனையில் வீற்றிருந்து ஓர் ஆணை பிறப்பித்தான். தானும், தமக்கையார் குந்தவையாரும், தேவியரும், ஏனையோரும் திருக்கோயிலுக்கு அளித்த பொருளனைத்தையும் கல்லில் வெட்டுவித்தல் வேண்டும் என்பதே அவ்வாணை. அரசன் கொடை அளவின்றி நிற்க, பிறர் கொடை மட்டும் அளக்கப்பட்டதன்று; எல்லாம் ஒரே முறையில் நிறுக்கப்பட்டன.

பொன், 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகளோ, சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கப்பெற்றுத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. செம்பாணியின் நிறை மணியின் நிறையாகக் கணக்கேறலாகாது என்னும் நுட்பம் நோக்கத்தக்கது. திருமேனிகளின் உயரமும் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளக்கப்பட்டது. நெல்லளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான் என்பதே.

கோயிற்பொருள் பண்டாரத்தில் வாளா கிடக்கவும் இல்லை. ஊர்ச்சபைகள் அதனைக் கடனாகப் பெற்று, காசொன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்கால் காசு பொலிசை இறுத்தன. சிலவிடத்து நெல்லாக அளந்தன. எவ்வூர் எத்துணைக் காசு கொண்டது, அதன் பொலிசை எத்திருமேனியின் வழிபாட்டிற்கு உரியது என்பன யாவரும் காணக் கல்லில் நின்றன.

பணியாளரை அமர்த்திய முறை இன்னும் சிறந்தது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மரும், உடன் கொட்டுவார் இருவரும் ஆக ஐம்பதின்மர்க்கு, நாடோறும் முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. ஒருவர் இறப்பினும் பிறநாடு செல்லினும் அடுத்த உறவினர் அப்பணியை ஏற்கலாம். அவ்வுறவினர் தகுதியிலராயின் தகுதியுடையார் ஒருவரைக் கொண்டு அதனைச் செய்வித்தல் வேண்டும். பிறப்புரிமை மதிக்கப்பட்டது, ஆயின் தகுதியை வெல்ல அது விடப்படவில்லை.

இத்திருக்கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவன் ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான். நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் முதலானோர் திருமேனிகளை எழுந்தருளுவித்த பெருமை அவனுடையது. அவன் கொடுத்தனவும் அதே முழத்தால் அளந்து, அதே கல்லால் நிறுத்தே எழுதப்பட்டன. நிருவகிப்பவன் பத்தனாயிருத்தலின் அவனுக்கு நிறைகோல் வேண்டா என்று எவரும் கொண்டிலர். அவனது பத்திக்கு அஃது இழுக்காகவும் கருதப்பட்டிலது.

ஈண்டு நாம் உணரற்பாலது ஒன்று. நம்பிக்கை வேறு, கணக்கு வேறு என்பது பிற்காலத்தார் மயக்கம். இறைவன் பெயரை அளவைக்கே இட்ட முன்னோர்க்கு, செவ்விதின் அளத்தலும் வழிபாடேயாயிற்று. அவன் பெயர் பூண்ட மரக்காலின்முன் அரசனும் அதிகாரியும் ஒப்பர். 'யான் கொடுத்தேன்' என்னும் செருக்கிற்கும் 'எனது' என்னும் கவர்விற்கும் ஆண்டு இடமில்லை. அறநிலையங்களைப் பேணுவார் முதுமொழி கூறிப் பிறரை அச்சுறுத்துதற்குமுன் தம் கணக்கை யாவரும் காண வைப்பரேல், இராசராசன் கல்லில் வெட்டுவித்ததன் பயன் எய்தியதாகும்.