திரை அளவுமாற்றம்

திரை அளவுமாற்றம் என்பது கணினித் திரையில் தோன்றும் எழுத்துகள், படவுருக்கள், சாளரங்கள் ஆகியவற்றைத் திரையின் படப்புள்ளி அடர்த்திக்கு ஏற்பப் பெரிதாக்கிக் காட்டும் முறை ஆகும். இது 100%, 125%, 150%, 200% என விழுக்காட்டில் குறிக்கப்படுகிறது. மடிக்கணினியுடன் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பயன்படுத்தும்போது, இயங்குதளத்தை இற்றைப்படுத்திய பின்னர் எழுத்துகள் மங்குவதும், ஒரு திரையில் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றுவதும் உண்டு. திரை பழுதாகிவிட்டது என்று பலர் கருதினாலும், இதற்குப் பெரும்பாலும் மென்பொருளே காரணமாகும்.

அடிப்படை

பிக்சல் எனப்படும் படப்புள்ளி எல்லாத் திரைகளிலும் ஒரே பருமன் உடையதன்று. 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட 14 அங்குல மடிக்கணினித் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 157 படப்புள்ளிகள் உள்ளன. அதே எண்ணிக்கை கொண்ட 24 அங்குல வெளித்திரையில் ஏறத்தாழ 92 மட்டுமே உள்ளன.

விண்டோஸ் இயங்குதளம் நெடுங்காலமாக ஓர் அங்குலத்தை 96 படப்புள்ளிகள் எனக் கொள்கிறது. இதன்படி 12 புள்ளி அளவுள்ள எழுத்துக்கு 16 படப்புள்ளிகள் ஒதுக்கப்படும். மேற்கூறிய வெளித்திரையில் இது 4.4 மில்லிமீட்டர் அளவில் தோன்றும், மடிக்கணினியில் 2.6 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எனவே மடிக்கணினிக்கு 150% அளவுமாற்றம் தரப்படுகிறது. அந்த 150% வெளித்திரைக்கும் தவறுதலாகப் பொருத்தப்பட்டால் எழுத்து 6.6 மில்லிமீட்டராகப் பெருத்துவிடும்.

வரலாறு

2007 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, அளவுமாற்றம் அறியாத பழைய மென்பொருள்களின் சாளரத்தை ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்கும் வழியைக் கொண்டுவந்தது. அளவு சரியானாலும் எழுத்து மங்கியது. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவுமாற்றம் 2013 இல் விண்டோஸ் 8.1 உடன் வந்தது. 2017 இல் வெளியான விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் அம்முறையை மேம்படுத்தியது.

ஆப்பிள் நிறுவனம் 2012 இல் 2880 × 1800 படப்புள்ளிகள் கொண்ட ரெட்டினா மடிக்கணினியை வெளியிட்டது. மேக் இயங்குதளம் திரையை இருமடங்கு அளவில் வரைந்து, தேவைக்கேற்பச் சுருக்கிக் காட்டுகிறது. 2018 இல் வெளியான மொகாவி பதிப்பில், படப்புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே கையாண்டு எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் முறை இயல்பிருப்பாக நிறுத்தப்பட்டது. இதனால் அடர்த்தி குறைந்த வெளித்திரைகளில் எழுத்துகள் முன்னைவிட மெலிந்தோ மங்கியோ தோன்றின.

லினக்சில் பழைய எக்ஸ் சாளர முறைமையில் திரைகளுக்குத் தனித்தனி அளவுமாற்றம் அளிப்பது கடினம். வேலண்டு எனும் புதிய நெறிமுறை இதற்கு இடமளிக்கிறது. ஃபெடோரா 2016 இலும், உபுண்டு 2021 இலும் வேலண்டை இயல்பிருப்பாக்கின. ஆனால் எக்ஸ் முறைமைக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் 125%, 150% போன்ற பின்ன அளவுகளில் மங்கலாகத் தோன்றக்கூடும்.

இற்றைப்படுத்தலுக்குப் பின் சிக்கல் எழும் காரணங்கள்

* வரைகலை இயக்கி மாறுதல்: உரிய இயக்கி நீங்கிப் பொதுவான அடிப்படை இயக்கி அமர்ந்தால் திரையின் முழுப் பிரிதிறன் கிடைக்காது, வெளித்திரை அறியப்படாமலும் போகலாம்.
* அமைப்புகள் தொலைதல்: ஒவ்வொரு திரையும் தன் அளவு, பிரிதிறன் முதலிய விவரங்களை குறைந்தது 128 எண்ணுண்மிகள் கொண்ட ஈடிஐடி தரவாகக் கணினிக்கு அனுப்புகிறது. இயக்கியோ இணைப்பு முனையோ மாறும்போது பழைய திரையே புதியதாகக் கருதப்பட்டு, அளவுமாற்றம் தொடக்க நிலைக்குத் திரும்பலாம்.
* முறை மாறுதல்: புதிய பதிப்பு எழுத்துகளை வரையும் வழியையே மாற்றியிருக்கலாம். மொகாவி இதற்கு எடுத்துக்காட்டு.
* மென்பொருள் பழையதாக இருத்தல்: திரைதோறும் அளவு மாறும் என்பதை அறியாத மென்பொருளை இயங்குதளம் இழுத்துப் பெரிதாக்கும்.

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதிலிருந்து புதிய பதிப்புக்கு மாறும் கணினிகளிலும் இக்காரணங்கள் பொருந்தும்.

தமிழ் எழுத்துகளில் விளைவு

இலத்தீன் எழுத்துகளைவிடத் தமிழ் எழுத்துகளில் வளைவுகளும் சுழிகளும் மிகுதி. க, க் ஆகியவற்றை வேறுபடுத்துவது ஒரு புள்ளி மட்டுமே. கி, கீ ஆகியவற்றை வேறுபடுத்துவது ஒரு சிறு சுழி. ன, ண ஆகியவை சுழி எண்ணிக்கையில் மட்டும் வேறுபடுகின்றன. குறைந்த அடர்த்தியுள்ள திரையில் இவ்வேறுபாடுகள் ஓரிரு படப்புள்ளிகளில் அடங்கிவிடுவதால், சாளரம் இழுத்துப் பெரிதாக்கப்படும்போது அவை கலங்கிவிடும். மெய்ப்புப் பார்ப்போரும் தட்டச்சு செய்வோரும் புள்ளி விடுபட்டதைக் கவனிக்காமல் போக இது வழிவகுக்கும்.

தொழிற்பகுதிகளில்

ஓசூர் சிப்காட் வளாகம் அமைந்துள்ள மூக்கண்டப்பள்ளி போன்ற இயந்திரத் தொழில் சார்ந்த பகுதிகளில், கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கு ஓர் ஐயம் எழலாம்: திரையில் அளவு மாறினால் வரைபடத்தின் அளவும் மாறுமா? மாறாது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை கோப்பில் 25 மில்லிமீட்டராகவே இருக்கும். கருவிப்பட்டை, கட்டளைப் பெட்டி, எழுத்து ஆகியவற்றின் தோற்றம் மட்டுமே மாறும். எனினும் மங்கிய திரையில் 3, 8 போன்ற எண்களைத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு என்பதால் சிக்கலை விரைவில் களைவது நன்று.

தீர்வுகள்

1. ஒவ்வொரு திரையின் பிரிதிறனையும் அதன் இயல்பான அளவில் வைத்தல். பிரிதிறனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கல் கூடும்.
2. அளவுமாற்றத்தை ஒவ்வொரு திரைக்கும் தனியே அமைத்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைதல். திறந்திருந்த சில மென்பொருள்கள் புதிய அளவை அதன் பின்னரே ஏற்கும்.
3. கணினி அல்லது வரைகலை அட்டையின் உற்பத்தியாளர் தரும் இயக்கியை நிறுவுதல்.
4. ஒரு மென்பொருள் மட்டும் மங்கினால் அதன் புதிய பதிப்பை நிறுவுதல். விண்டோசில், அம்மென்பொருளின் பண்புகளில் உள்ள ஒத்தியல்பு பகுதியில் அளவுமாற்றத்தை மென்பொருளிடமே விடும் தெரிவும் உண்டு.
5. இயன்றவரை 100%, 200% போன்ற முழு மடங்குகளைப் பயன்படுத்துதல். இவற்றில் படப்புள்ளிகள் பின்னமாகப் பிரிவதில்லை.
6. இணைப்பு வடத்தைச் சரிபார்த்தல். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 3840 × 2160 பிரிதிறன் நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும்; 60 முறைக்கு 2013 இல் வெளியான எச்டிஎம்ஐ 2.0 தேவை.

இவற்றையும் பார்க்க

* படப்புள்ளி
* இயங்குதளம்
* எழுத்துரு
* ஒருங்குறி